வேலி ஓணானும் வீட்டு ஓணானும்

வெள்ளிக்கிழமை மாலை வேலை முடிந்ததும் நான் நேராகப் போகிற இடம் கிரிக்கெட் பூச்சி விற்கிற கடை. நம் ஊர்ச் சிள்வண்டின் உறவுக்காரப் பூச்சிதான். சின்ன சைஸில் இரண்டு டஜனைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்று ஊதி, முடிச்சுப் போட்டுத் தருவார்கள். காரில் பக்கத்து சீட்டில் வைத்தால் வழி நெடுகச் சரசரவென்று சத்தம். நான்கு வருடமாக இந்தச் சடங்கு நடக்கிறது. காரணம், என் மகளின் அறையில் இருக்கும் ஓர் அனோல். வாலோடு சேர்த்து அளந்தாலும் ஒரு சாணைத் தாண்டாத பச்சை ஓணான்.

வாங்கச் சொன்னது மகள். அப்போது அவளுக்கு எட்டு வயது. இப்போது பன்னிரண்டு; அறைக் கதவில் ‘தட்டிவிட்டு வரவும்’ என்று எழுதி ஒட்டியிருக்கிறாள். பூச்சி வாங்கிப் போடுவது நான், இலைகளில் தண்ணீர் தெளிப்பது என் மனைவி, பல்பு மாற்றுவது மறுபடியும் நான். புளோரிடாவில் எங்கள் தம்பா பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் இதே கதையைப் பல வீடுகளில் கேட்டுவிட்டேன். ஓணானுக்குப் பதில் ஆமை, வெள்ளெலி, மீன் என்று பாத்திரங்கள் மாறும். கண்ணாடிப் பெட்டி மட்டும் கராஜ் மூலையில் சைக்கிள் பம்புக்குப் பக்கத்தில் மிச்சமிருக்கும். உள்ளே இருந்தது என்ன ஆயிற்று என்று கேட்டால்தான் பேச்சு கொஞ்சம் தடுமாறும். அந்தத் தடுமாற்றத்தைப் பற்றி நாம் கூடி உட்கார்ந்து பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது.

திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த என் அம்மா பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். மேலே ஒரு விளக்கு, பக்கத்தில் ஒரு விளக்கு, வெப்பமானி, ஈரப்பதம் காட்டுகிற கருவி, பிளாஸ்டிக் கொடி, நிஜச் செடி. பிறகு ஜன்னல் வழியே கொல்லைப்புற மரவேலியைப் பார்த்தாள். அங்கே ஏழெட்டு ஓணான்கள் சும்மா வெயில் காய்ந்துகொண்டிருந்தன. “வேலியில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்டு, குத்துது குடையுதுன்னானாம்” என்றாள். பழமொழியை இத்தனை பொருத்தமான இடத்தில் நான் கேட்டதில்லை.

வேலியில் இருந்தவையும் அனோல்தான், ஆனால் வேறு இனம். பெட்டியில் இருப்பது கரோலினா மாநிலங்களிலிருந்து டெக்சாஸ் வரை அமெரிக்காவின் தென்கிழக்கு முழுவதும் பரவியிருக்கும் பூர்வகுடி, பச்சை அனோல். வேலியில் இருப்பது கியூபாவும் பஹாமாஸும் தாய்நாடான பழுப்பு அனோல். ஆண் அனோலுக்குத் தாடைக்குக் கீழே விசிறிபோல் விரிகிற ஒரு தோல் மடிப்பு உண்டு. பச்சையனுக்கு அது ரோஸ்மில்க் நிறம். பழுப்பனுக்குக் கனகாம்பர நிறத்தில், ஓரத்தில் மஞ்சள் கரை போட்டதுபோல் இருக்கும். பச்சையன் குளிரிலும் மிரட்சியிலும் புளியங்கொட்டை நிறத்துக்கு மாறிவிடும், சண்டையென்றால் கண்ணுக்குப் பின்னால் ஒரு கறுப்புப் புள்ளி தோன்றும். இந்த நிறமாற்றத்தை வைத்து இதற்கு ‘அமெரிக்கப் பச்சோந்தி’ என்று பெயர் சூட்டி விற்றார்கள். பச்சோந்திக்கும் இதற்கும் நெருங்கிய உறவு கிடையாது. ஒரு காலத்தில் சர்க்கஸ் கூடாரத்து வாசலிலும் திருவிழாக்களிலும் இதன் கழுத்தில் மெல்லிய சங்கிலி கட்டி, சட்டையில் ஊசி குத்தி மாட்டிக்கொள்ளும் உயிருள்ள நகையாகவே விற்றிருக்கிறார்கள். குழந்தை வீட்டுக்குக் கொண்டுபோகும், சில நாளில் அது செத்துப்போகும். வாங்கும்போதே தூக்கிப் போடுவதற்கென்று வாங்குகிற உயிர் என்னும் எண்ணம் அங்கிருந்துதான் ஒட்டிக்கொண்டு வருகிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

எங்கள் வீட்டுக்கு முதலில் வந்தது ஒன்றல்ல, இரண்டு. ஒரு சனிக்கிழமை, தமிழ் வகுப்பு முடிந்து திரும்பும் வழியில் ஒரு கடையில் நுழைந்தோம். ‘முதல் முறை வளர்ப்பவர்களுக்கு ஏற்றது, அதிகம் பார்த்துக்கொள்ள வேண்டாம்’ என்றார் கடைக்காரப் பையன். இரண்டு ஓணானும் ஒரு சின்னப் பெட்டியும் ஒரு தண்ணீர்க் கிண்ணமும் வாங்கியாயிற்று. மொத்த வியாபாரமும் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. வெயில் வேண்டும் என்று எங்கேயோ படித்த நினைவில் பெட்டியை ஜன்னலோரம் வைத்தேன். கிண்ணத்தில் தினமும் தண்ணீர் மாற்றினோம். அவை கிண்ணத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஐந்தாவது மாதம், சிறியதின் கீழ்த்தாடை ஒரு பக்கம் தொய்ந்தது. பிறகு பின்னங்கால் நடுங்கியது. செடியில் ஏற முயன்று விழுந்தது. மறுபடி ஏறியது, மறுபடி விழுந்தது. ஊர்வன பார்க்கத் தெரிந்த மருத்துவரைத் தேடிப் பிடித்துக் கொண்டுபோனபோது அவர் சொன்ன வாக்கியம் சின்னது: எலும்பில் சுண்ணாம்புச் சத்து இல்லை.

ஜன்னல் கண்ணாடி புற ஊதாக் கதிரின் தேவையான பகுதியைத் தடுத்துவிடும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. அந்தக் கதிர் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி3 உருவாகும். அது இருந்தால்தான் தின்னும் கால்சியம் எலும்புக்குப் போகும். அதற்கென்று யுவிபி பல்பு இருக்கிறது. அது வெளிச்சம் தந்துகொண்டிருக்கும்போதே கதிர் குறைந்துபோகும் என்பதால் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் மாற்ற வேண்டும். அதன் விலை ஓணானின் விலையைவிட அதிகம். வெயில் காயும் மூலையில் சுமார் 30 டிகிரி செல்சியஸ், மறு மூலையில் அதைவிடக் குளிர்ச்சி, எது வேண்டுமோ அங்கே அது நகர்ந்துகொள்ள இடம். தேங்கிய தண்ணீரைப் பெரும்பாலும் குடிக்காது. இலையில் நிற்கும் துளியை நக்கித்தான் குடிக்கும், ஆகையால் தினமும் ஸ்ப்ரே பாட்டில். கிரிக்கெட் பூச்சிக்கே முதல் நாள் நல்ல கீரையும் காரட்டும் கொடுத்து, பிறகு கால்சியம் பொடியில் புரட்டிப் போட வேண்டும். ஓணானுக்குச் சமைக்கிறோம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆண்களை ஒரே பெட்டியில் போட்டால் ஒன்று மற்றதை வாட்டி எடுத்துவிடும். நாங்கள் வாங்கிய இரண்டும் ஆண்கள். கடையில் யாரும் கவனிக்கவில்லை. எங்களுக்குப் பார்க்கவே தெரியாது.

சிறியது பிழைக்கவில்லை. தவறு கடையுடையது மட்டும் என்று சொல்லிவிட்டால் எனக்கு வசதி. ஆனால் பத்து நிமிடம் படித்திருந்தால் தெரிந்திருக்கும். ஒரு பிரஷர் குக்கர் வாங்குவதற்கு நாலு பேரைக் கேட்கிறவன் நான்.

இதில் விலைக்குப் பெரிய பங்கு இருக்கிறது. கடைகளில் கிடைக்கும் பச்சை அனோலில் பெரும்பகுதி பண்ணையில் பிறந்தது அல்ல, தெற்கு மாநிலங்களின் புதர்களிலும் தோட்டங்களிலும் பிடிக்கப்பட்டது. காட்டிலிருந்து வருவதால் ஒட்டுண்ணியோடு வரும், மிரட்சியோடு வரும், அதனால்தான் ஒரு பீட்சாவுக்கும் குறைவான விலைக்கு வரும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் பெட்டியில் ஐந்தாறு வருடம், சில சமயம் அதற்கு மேலும் வாழும். பீட்சா விலைக்கு வாங்கியதற்கு ஆறு வருட வாடகை கட்ட எத்தனை பேர் மனத்தளவில் தயார்? விலை மலிவு என்பதால்தான் அது செத்தாலும் யாரும் கேட்பதில்லை, தொலைந்தாலும் தேடுவதில்லை. நாய்க்குட்டி ஒரு வீட்டில் ஐந்து மாதத்தில் எலும்பு நொறுங்கிச் செத்தால் அக்கம்பக்கம் கேள்வி கேட்கும்.

புலம்பெயர்ந்த நம் வாழ்க்கைக்கே உரிய ஒரு சிக்கல் இதோடு சேர்ந்துகொள்கிறது. விசா புதுப்பிக்கவில்லை, வேலை போயிற்று, டல்லாஸில் வேறு வேலை, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊருக்கே திரும்புகிறோம். இரண்டு மாதத்தில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். சோபாவுக்கும் டைனிங் டேபிளுக்கும் ஆள் கிடைக்கும். குழந்தையின் செல்லப்பிராணிக்குக் கிடைக்காது. கடைசி வாரத்தில் யாரோ ஒருவர், பெரும்பாலும் வீட்டிலேயே மிக இளகிய மனம் படைத்தவர், பெட்டியைக் குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் மழைநீர்க் குளத்தருகே கொண்டுபோய்த் திறந்து வைப்பார். ‘பாவம், சுதந்திரமா இருக்கட்டும்.’ அந்த நேரத்தில் குழந்தை கையசைக்கும். எனக்குத் தெரிந்து ஒரு வீட்டில் இதைப் போட்டோகூட எடுத்தார்கள்.

அந்த இளகிய மனத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் புளோரிடா மாநிலமே அப்படிப்பட்ட இளகிய மனங்களும் கவனக்குறைவான கைகளும் சேர்ந்து உருமாற்றிய நிலம். இங்கே அயல்நாட்டு விலங்கைத் திறந்துவிடுவது சட்டப்படி குற்றம். அந்தச் சட்டம் எதற்கென்று மயாமி பக்கம் போய் மரத்தைப் பார்த்தால் புரியும். கியூபாவின் பெரிய அனோல் ஒன்று, நம் முன்கை நீளத்துக்கு வளரும் பச்சைப் பிராணி, 1950களில் கோரல் கேபிள்ஸ் பகுதியில் திறந்துவிடப்பட்டு இன்று தெற்குப் புளோரிடாவின் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறது. பச்சை உடும்புபோல் வளரும் இகுவானா செல்லப்பிராணியாக வந்து, வெளியேறிப் பெருகி, கால்வாய்க் கரைகளைக் குடைகிறது. கடுங்குளிர் இரவுகளில் விறைத்து மரத்திலிருந்து பொத்தென்று விழுகிற செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். 2021இல் மாநில வனவிலங்கு ஆணையம் இகுவானாவையும் தேகு என்னும் பெரிய ஓணானையும் விற்பதற்கும் புதிதாக வளர்ப்பதற்கும் தடை போட்டது. ஏற்கெனவே வைத்திருந்தவர்கள் பதிந்துகொண்டு வைத்துக்கொள்ளலாம் என்றது. குதிரை ஓடிய பிறகு லாயத்தைப் பூட்டிய கதைதான், இருந்தாலும் பூட்டியது நல்லது.

எல்லாப் பழியையும் வீட்டில் வளர்ப்பவர்கள் தலையில் போடுவது நியாயம் இல்லை. எங்கள் வேலியில் இருக்கும் பழுப்பு அனோல் யாருடைய பெட்டியிலிருந்தும் வந்ததல்ல. புளோரிடாவின் தென்கோடித் தீவுகளில் அது 1887இலேயே பதிவாகியிருக்கிறது. 1940களில் தம்பா போன்ற துறைமுக நகரங்களில் சரக்கோடு வந்து இறங்கியது. பிறகு நர்சரிச் செடித்தொட்டியில் ஏறி மாநிலம் முழுக்கப் பயணம் செய்தது. சிங்கப்பூரில் 2012இல் கரையோரப் பூந்தோட்டத்தில் (கார்டன்ஸ் பை த பே) இதைக் கண்டுபிடித்தார்களே, அங்கே ஒன்றிரண்டு ஆமை வகை தவிர ஊர்வனவற்றை வீட்டில் வளர்க்கவே அனுமதி கிடையாது. இறக்குமதிச் செடிகளோடு வந்திருக்கலாம் என்பதே அங்கே பலரின் ஊகம். ஆகவே தோட்டச்செடி வாங்குகிறவரும் இந்தப் பொறுப்பில் ஒரு பங்கு ஏற்க வேண்டும். தொட்டியின் அடியைத் திருப்பிப் பார்த்துவிட்டு வாங்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

பழுப்பன் வந்ததால் பச்சையனுக்கு என்ன ஆயிற்று? புளோரிடாவின் கிழக்குக் கரையில் மஸ்கிட்டோ லகூன் என்னும் காயலில் சிறு சிறு திட்டுகள் உண்டு. 1990களில் ஆய்வாளர்கள் சில திட்டுகளில் பழுப்பு அனோலை விட்டார்கள், சிலவற்றை அப்படியே விட்டுவைத்தார்கள். பழுப்பன் நுழைந்த திட்டுகளில் பச்சையன் கீழ்க்கிளையை விட்டுவிட்டு மேலே ஏறிவிட்டது. அதோடு நிற்கவில்லை. வெறும் 15 வருடத்தில், சுமார் 20 தலைமுறையில், அதன் விரல் அடியில் இருக்கும் ஒட்டும் பட்டை அகலமாகிவிட்டது. வழுவழுப்பான மேல்கிளைகளைப் பற்றிக்கொள்ள அது தேவைப்பட்டது. யோயல் ஸ்டூவர்ட்டும் சகாக்களும் 2014இல் ‘சயின்ஸ்’ இதழில் இதை வெளியிட்டார்கள். பரிணாமம் என்றால் கோடி வருடக் கணக்கு என்று படித்த எனக்கு, என் மகள் பிறந்து பள்ளி முடிக்கிற காலத்துக்குள் ஓர் உயிரின் காலே மாறுகிறது என்பது இன்னும் ஜீரணமாகவில்லை. எங்கள் தெருவில் நான் பச்சையனை இடுப்பு உயரத்தில் பார்த்ததே இல்லை. ஓக் மரத்தில் அண்ணாந்து பார்த்தால்தான் உண்டு.

புளோரிடாவில் பச்சையன் பாதிக்கப்பட்டவன். பசிபிக்கில் அதே பச்சையன் குற்றவாளி. டோக்கியோவுக்குத் தெற்கே சுமார் 1,000 கிலோமீட்டரில் ஒகசவாரா தீவுக்கூட்டம். அமெரிக்க நிர்வாகத்தில் இருந்த 1960களில் அங்கே சிசிஜிமா தீவுக்குப் பச்சை அனோல் வந்து சேர்ந்தது. 1980களில் பக்கத்துத் தீவான ஹஹாஜிமாவுக்குப் போனது. உலகில் வேறெங்கும் இல்லாத தும்பிகள், சிறு தேனீக்கள், நீலச் சிறகு கொண்ட ஒரு சின்ன வண்ணத்துப்பூச்சி எல்லாம் அதற்கு இரையாயின. பகலில் பூக்களைத் தேடி வரும் பூச்சிகள் அந்த இரண்டு தீவுகளிலும் அருகிவிட்டன. ஜப்பான் 2005இல் இதை ஆக்கிரமிப்பு உயிரினமாக அறிவித்து வளர்ப்பதற்கும் கொண்டுபோவதற்கும் தடை விதித்தது. தீவுக்கூட்டம் 2011இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களமானது. இரண்டே வருடத்தில், 2013இல், அதுவரை தப்பியிருந்த அனிஜிமா தீவிலும் அனோல் தென்பட்டது. இன்றுவரை தீவின் குறுக்கே வேலி, ஆயிரக்கணக்கில் ஒட்டுப்பொறிகள், ஆட்கள், செலவு. நம் வீட்டில் கால்சியம் பொடி தடவிய பூச்சிக்காகக் காத்திருக்கிற அதே சாண் நீள ஓணான்தான்!

இந்த விவகாரத்தில் இரண்டு குரல்கள் எப்போதும் மோதிக்கொள்கின்றன. ‘காட்டு உயிரை வீட்டில் வைப்பதே பாவம், ஒட்டுமொத்தமாகத் தடை செய்’ என்பது ஒன்று. ‘என் வீடு, என் காசு, என் பிள்ளை ஆசைப்பட்டது, உனக்கென்ன’ என்பது மற்றொன்று. முதல் குரலில் இரக்கம் இருக்கிறது. ஆனால் பெட்டிக்குள் ஒரு முட்டை பொரிந்து நகக்கண் அளவு குஞ்சு வெளியே வருவதைப் பார்த்த குழந்தை பின்னாளில் உயிரியல் படிக்கப் போகிறது என்பதை அந்தக் குரல் கணக்கில் எடுப்பதில்லை. அமெரிக்காவின் பெயர்பெற்ற ஊர்வன ஆய்வாளர்களில் பலர் சிறு வயதில் படுக்கையறையில் பெட்டி வைத்திருந்தவர்கள்தான். இரண்டாவது குரலுக்குப் பதில் இன்னும் சுலபம். ஓணான் உங்கள் பெட்டிக்குள் இருக்கும்வரை உங்களுடையது, மூடியைத் திறந்த கணத்திலிருந்து அது ஊர்ப் பொது விஷயம்.

இரு தரப்பும் ஒத்துக்கொள்ளக்கூடிய இடம் ஒன்று உண்டு என்றே நினைக்கிறேன்: வாங்குகிற அன்றே அந்த உயிரின் கடைசி நாளுக்கும் யாராவது பெயர் கொடுத்திருக்க வேண்டும். வளர்க்க முடியாமல் போனால் யாரிடம் போகும் என்ற கேள்விக்கு விடை இல்லாமல் பெட்டி கடையை விட்டு வெளியே வரக்கூடாது. இதை வாங்குபவர் தலையில் மட்டும் கட்டினால் நடக்காது. கடைக்காரர் ஓணானோடு யுவிபி பல்பையும் சேர்த்து ஒரே விலையாகச் சொல்லட்டும். அப்போது பீட்சா விலை மாயை அங்கேயே கலையும். ‘வளர்க்க முடியாவிட்டால் எங்களிடமே திருப்பித் தாருங்கள்’ என்று ரசீதில் ஒரு வரி அச்சடிக்கட்டும். கடைகளில் அரசு கை வைத்தால் பலன் உண்டு என்பதற்கு இந்த நாட்டிலேயே முன்னுதாரணம் இருக்கிறது. குட்டி ஆமைகளால் குழந்தைகளுக்கு சால்மொனெல்லா பரவியபோது, ஓடு நான்கு அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளைச் செல்லப்பிராணியாக விற்பதை 1975இல் மத்திய அரசு தடுத்தது.

அந்தக் கிருமி ஓணானிலும் இருக்கும் என்பதால் இங்கே ஓர் இடைச்செருகல். ஐந்து வயதுக்குக் கீழான குழந்தை, 65 வயதைத் தாண்டியவர், நோயெதிர்ப்பு குறைந்தவர் இருக்கும் வீட்டில் ஊர்வன வேண்டாம் என்பது அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை. ஊரிலிருந்து ஆறு மாதத்துக்கு அப்பா அம்மா வந்து தங்குகிற வீடுகள் நம்முடையவை. பெட்டியைக் கழுவுகிற இடம் சமையலறை சிங்க்காக இருக்கவே கூடாது. இதை நான் எத்தனை வீடுகளில் பார்த்துவிட்டேன் என்று சொன்னால் பகை வரும்.

புளோரிடாவில் அயல்நாட்டுச் செல்லப்பிராணியை வைத்துக்கொள்ள முடியாதவர்கள் ஒப்படைப்பதற்கென்று மாநில வனவிலங்கு ஆணையமே ஒரு பொதுமன்னிப்புத் திட்டம் நடத்துகிறது. அபராதம் இல்லை, வழக்கு இல்லை. முன்பே தகுதி பார்த்துப் பதிந்துவைத்த வளர்ப்பாளர்களிடம் அது போய்ச் சேரும். இப்படி ஒன்று இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. பொங்கல் விழா அழைப்பிதழை நூறு வாட்ஸ்அப் குழுக்களில் போடுகிற நம் சங்கங்கள் இந்தத் தகவலையும் ஒருமுறை போடலாமே. ஊரை விட்டுக் கிளம்புகிறவர்கள் சோபாவின் படத்தைப் போடும்போதே ஓணானையும் போடலாம். பள்ளிகளும் வகுப்பில் ஒரு பெட்டி வைத்தால் கோடை விடுமுறைக்கு அது எந்த வீட்டுக்குப் போகும் என்பதைப் பள்ளி தொடங்கும்போதே எழுதி வைக்கட்டும். பள்ளி முடியும் வாரத்தில் ஆசிரியர் வகுப்பைப் பார்த்து ‘யாருக்கு வேண்டும்?’ என்று கேட்பதும், எல்லாக் கைகளும் உயர்வதும் எனக்கு வயிற்றைக் கலக்குகிற காட்சி.

பூர்வகுடிப் பச்சையனைத்தானே திருப்பி விடுகிறோம், அதில் என்ன தப்பு என்று சிலர் கேட்கிறார்கள். காலையில் குழந்தை தோட்டத்தில் பிடித்ததை மாலையில் அதே செடியில் விட்டால் தப்பே இல்லை. மாதக்கணக்கில் வேறு ஊர் ஓணான்களோடு பெட்டியில் கிடந்து, அவற்றின் நோயையும் ஒட்டுண்ணியையும் வாங்கிக்கொண்டதை வெளியே விடுவது வேறு சங்கதி. பெட்டியில் வளர்ந்தது பூனையைக் கண்டால் ஓடவேண்டும் என்பதையும் மறந்திருக்கலாம்.

சென்னையில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு இது தூரத்துக் கதை இல்லை. பாங்காக்கிலிருந்து வந்து இறங்கிய பயணியின் பெட்டிக்குள் அயல்நாட்டு ஊர்வனவற்றைச் சுங்கத்துறை பிடித்தது என்ற செய்தி அங்கே அடிக்கடி வருகிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டு, 2024இல் விதிகள் வந்து, சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள அயல் உயிர்களை வைத்திருப்பவர்கள் பதிவு செய்ய வேண்டும் என்றாகிவிட்டது. பட்டியலில் இல்லாத மலிவு உயிர்கள் இந்த வலையில் சிக்காது, பச்சை அனோலும் அப்படித்தான். மீன்தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று வாங்கி, பெரிதானதும் ஏரியில் விட்ட ‘டேங்க் கிளீனர்’ மீன் இன்று நம் நீர்நிலைகளில் மீனவர் வலையைக் கிழிப்பது, இதே இளகிய மனத்தின் இன்னொரு அத்தியாயம்.

பெட்டியில்லாமல் அனோலைப் பார்க்க முடியாதா என்றால், பெட்டியில்லாமல்தான் நன்றாகப் பார்க்கலாம். இதைச் சொல்ல எனக்கு நான்கு வருடம் ஆயிற்று. எங்கள் ஓணான் பகலில் பாதி நேரம் ஒரே கொடியில் கண்ணை மூடிக் கிடக்கும். வேலியிலோ நாள் முழுக்க நாடகம். ஒவ்வொரு கம்பத்துக்கும் ஒரு ராஜா உண்டு. எல்லை தாண்டி இன்னொருவன் வந்தால் ராஜா முன்னங்கால்களை ஊன்றித் தண்டால் எடுப்பான், தலையை மேலும் கீழும் ஆட்டுவான், கனகாம்பர விசிறியை விரித்து மடக்குவான். பெரும்பாலும் சண்டை அத்தோடு சரி. நம் அரசியல் மேடைகள்போல. தோலுரிக்கும் நாளில் வெள்ளைத் தோலைக் கையுறை கழற்றுவதுபோல் வாயால் இழுத்து, இழுத்ததை மென்று தின்றுவிடுவான். வால் அறுந்தவன் ஒருவன் இருந்தான். புது வால் முளைத்தது, ஆனால் நிறம் ஒட்டவில்லை, வேறு துணியில் ஒட்டுப்போட்டதுபோல் இருந்தது. உள்ளே எலும்புக்குப் பதில் குருத்தெலும்புதான் வளரும் என்று என் மகள்தான் எனக்குச் சொன்னாள்.

இன்னும் நல்ல நேரம் இரவு ஒன்பது மணி. டார்ச் ஒன்று போதும். அனோல் பகல் பிராணி. இரவில் இலை நுனியிலோ மெல்லிய குச்சியிலோ படுத்துத் தூங்கும். வெளிறிப்போன உடம்பு வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியும். பகலில் பத்தடி தள்ளி நின்றாலே ஓடுகிறவன், இப்போது மூக்குக்கு அருகில் கிடப்பான். விரலின் அடிப்பட்டையில் வரிவரியாக இருக்கும் மடிப்புகளை வெறுங்கண்ணால் பார்க்கலாம். அந்த மடிப்புகளில் உள்ள நுண்ணிய மயிரிழைகள்தான் கண்ணாடியிலும் அதை ஏற வைக்கின்றன. 2017இல் இர்மா, மரியா என்று இரண்டு புயல்கள் கரீபியத் தீவுகளைச் சூறையாடியபோது, அதற்குச் சற்று முன்புதான் கொலின் டோனிஹியூ என்னும் ஆய்வாளரின் குழு அங்கே ஒரு சிறு அனோல் இனத்தை அளந்து முடித்திருந்தது. புயலுக்குப் பின் திரும்பிப்போய் அளந்தால், மிஞ்சியவற்றின் ஒட்டுப்பட்டை சராசரியில் பெரியது. காற்றில் எப்படிப் பற்றிக்கொள்கின்றன என்று பார்க்க, இலை ஊதும் இயந்திரத்தை ஓணான் முன் பிடித்து, பின்னால் வலை கட்டிச் சோதித்தார்கள். பின்னங்கால்கள் கொடிபோல் பறக்க முன்னங்காலால் குச்சியைப் பிடித்துத் தொங்கும் அந்தப் படங்களைக் காட்டித்தான் தமிழ் வகுப்புப் பிள்ளைகளை இரவு நடைக்குக் கூப்பிட்டேன். பார்த்ததைப் படமெடுத்து ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்றினார்கள். அங்கே தெருப்பெயரும் தேதியும் சேர்ந்துவிட்டால் அது நாளை ஓர் ஆய்வாளருக்குத் தரவு. முதல் இரவில் பதினொரு பழுப்பு. பச்சை ஒன்றே ஒன்று, ஓக் மரத்தில், டார்ச்சின் வெளிச்சம் மங்கிப்போகிற உயரத்தில்.

அதற்கடுத்த ஞாயிறு பெற்றோர் கூட்டத்தில் இதையெல்லாம் பேசினோம். குடியிருப்புக் குளத்தருகே எதையும் திறந்துவிடுவதில்லை என்பதில் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். ஊர் மாறுகிறவர்களின் செல்லப்பிராணிக்குப் புது வீடு தேடும் பட்டியல் ஒன்றை வைத்திருக்க இரண்டு பேர் முன்வந்தார்கள். பிறந்தநாள் பரிசாக உயிர் கொடுப்பதை நிறுத்தலாமா என்றபோது மட்டும் அறையில் அமைதி. அதை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளினோம். முடிந்து கிளம்பும்போது ஓர் அப்பா ஓரமாக அழைத்து, ‘உங்க வீட்ல இருக்கிறதை எங்க பையனுக்குக் குடுப்பீங்களா சார்? ரொம்ப நாளாக் கேக்கறான்’ என்றார். தாராளமாக, பெட்டி, பல்பு, செடி எல்லாமே சேர்த்துத் தருகிறேன் என்றேன். வெள்ளிக்கிழமை பூச்சி வாங்கப் போவது யார் என்று மட்டும் கேட்டேன். வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். மூன்று வாரம் ஆகிறது, இன்னும் போன் வரவில்லை.